குளிசையோட ஒரு கொப்பியும் வேணும்

"நாய்க்கும் விசர்க் குளிசையோ?" கிளிநொச்சியில் எங்கட வீட்டு நாய்க்குப் பயத்தைக் குறைக்கும் மருந்து தொடங்கியதிலிருந்து நாங்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பாயிற நாய்க்கு எங்கட ஊரில் வழமையாகக் கிடைப்பது சங்கிலி. இல்லாட்டி சாக்குக்குள்ள போட்டு, தூரத்தில கொண்டுபோய் விடுறது. அதோட பார்த்தால் குளிசையில சிரிக்க ஒண்டுமில்லை.

பாயிற நாயெல்லாம் கோபக்கார நாயில்லை. பலவற்றுக்குப் பயம்தான் காரணம். லான்ட்மாஸ்டர் சத்தம், ஹெல்மெட் போட்ட ஆள், கலியாண வீட்டு வெடி எல்லாவற்றுக்கும் அது சொல்வது "கிட்ட வராதே" எண்டதைத்தான்.

கால்நடை வைத்தியர் எழுதித் தந்தது புளுஒக்செற்றீன். மனுசரின் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் அதே மருந்து. தனியே விடப்படும்போது பதறும் நாய்களுக்காக 2007 இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. பயிற்சியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதும் அந்த அனுமதியிலேயே இருக்கிறது. பலன் தெரிய 4 தொடக்கம் 6 கிழமை, சிலவேளை அதற்கு மேலும் எடுக்கும்.

சிக்கல் அந்தக் கிழமைகளில்தான். எங்களுக்கு ஞாபகம் நிற்பது கடைசியாக நடந்த கெட்ட நாள் மட்டும். ஒருக்காப் பாய்ஞ்சால் "மருந்து வேலை செய்யேல்லை" எண்டு நிப்பாட்டிப்போடுவம். இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. மற்றப் பக்கம், நாய் சும்மா படுத்திருந்தால் "சுகமாயிட்டுது" எண்டுவம். சோர்வும் பசியின்மையும் பக்கவிளைவாகவும் இருக்கலாம். அமைதி வேற, மந்தம் வேற.

அதனால்தான் கொப்பி. ஒவ்வொரு நாளும் நாலு விசயம்: எதைக் கண்டு குரைச்சது, எத்தனை அடி தூரத்தில், அடங்க எத்தனை நிமிடம், சாப்பிட்டதா. "பரவாயில்லை" எண்டு எழுதுறதில பிரயோசனமில்லை, எண்ணிக்கை வேணும்.

முதல் கிழமை, பாண்காரரின் ஓட்டோப் பாட்டு சந்தியில் கேட்டாலே தொடங்கும், அடங்கக் கால் மணித்தியாலம் எடுக்கும். ஐந்தாம் கிழமை பக்கத்து வீட்டுக் கலியாண வெடியோட எல்லாம் பழையபடி. வெடியையும் எழுதி வைச்சிருந்தபடியால் ஒருத்தரும் மருந்தைக் குறை சொல்லேல்லை. ஏழாம் கிழமை ஓட்டோ படலைக்கு வந்தால்தான் குரைப்பு, மூண்டு நிமிடத்தில் பிஸ்கட்டுக்கு வந்துவிடும். அயலவைக்கு அது "இப்பவும் குரைக்குதுதானே". கொப்பியைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

"மனுசருக்கே வைத்தியம் காணாத இடத்தில நாய்க்கோ?" எண்டு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒழுங்கையால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகினம், கடி வாங்கப்போவது அவைதான். மாடு, ஆடு, கோழியோடு ஓடித்திரியும் கால்நடை வைத்தியருக்கு எங்கட கதையை முழுக்கக் கேட்க நேரமிருக்காது. கொப்பியை இரண்டு நிமிடத்தில் பார்த்து, அளவைக் கூட்டுவதா குறைப்பதா எண்டு அவர் முடிவெடுக்கலாம். அந்த முடிவு எங்கட கையில் இல்லை. வீட்டில ஆருக்கோ எழுதின குளிசையை நாய்க்குக் குடுக்கவும் கூடாது.

இன்னொண்டு. விசர்நாய்த் தடுப்பூசி முதலில் போடவேணும். நாயின் குணம் திடீரென்று மாறினால் கொப்பி எழுதிக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியரிடம் போங்கோ.

"விசர்க் குளிசை" எண்ட அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் எங்கட ஆக்கள் கனபேர் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுப் பக்கமே போறேல்லை. நாயைப் பற்றிக் கேட்டாலும் நாங்கள் கூடச் சேர்ந்து சிரிக்காமல் பதில் சொல்வது அதனால்தான்.