வாதத்திறமை பிறவிச் சொத்தா?

மாணவர் விவாதப் போட்டிகளைப் பற்றி நம்மிடையே நெடுநாளாக வழங்கிவரும் அபிப்பிராயம் ஒன்று உண்டு: நாவன்மை பிறவியிலேயே வாய்க்கும் வரப்பிரசாதம்; வாய்த்தவனுக்கு ஆயத்தம் வேண்டியதில்லை, வாய்க்காதவனுக்கு ஆயத்தத்தால் பிரயோஜனமும் இல்லை என்பது அது. இவ்வாறு சொல்பவர்கள் பெரும்பாலும் பரிசு வாங்கிய மாணவனை மேடையில் மட்டுமே கண்டவர்கள். மேடை ஏறுமுன் அவன் எழுதி எழுதிக் கிழித்தெறிந்த தாள்களை அவர்கள் கண்டதில்லை.

பிறவிக் கொடை என்னும் அந்த முதல் வாதத்துக்கு விடையாக, 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் கடுங்காவல் சிறைச்சாலை ஒன்றில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். பார்டு கல்லூரி அங்கே நடத்திவரும் கல்வித் திட்டத்தில் பயின்ற கைதிகள் மூவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மாணவர் அணியை எதிர்த்து வாதிட்டு ஜயித்தார்கள். இணைய வசதி அவர்களுக்குக் கிடையாது. கேட்ட புத்தகமும் கட்டுரையும் சிறை அதிகாரிகளின் அனுமதி பெற்றுக் கைக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அவர்களுடைய விவாதக் கழகம் அதற்கு முந்தைய ஆண்டு வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கலாசாலையை வென்று, பிறகு மறுபோட்டியில் அதே கலாசாலையிடம் தோற்று, அந்தத் தோல்விக்குப் பின்னரே ஹார்வர்டை எதிர்கொண்டது. மூவரும் பிறவி நாவலர்கள், விதிவசத்தால் ஒரே சிறையில் ஒன்றுகூடினார்கள் என்று சாதிக்க விரும்புவோர் தாராளமாகச் சாதிக்கலாம். அத்தகைய விதியை நம்புவதைக் காட்டிலும் உழைப்பை நம்புவது எனக்கு எளிதாயிருக்கிறது.

ஆயத்தம் என்பது மனப்பாடமே என்பது இரண்டாவது வாதம். நம் பள்ளிகளில் ஆசிரியர் எழுதித் தந்த உரையை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கும் வழக்கம் வேரூன்றியிருப்பதால், இந்த எண்ணம் எழுவதில் வியப்பில்லை. ஆனால், உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியில் சில சுற்றுகளுக்கு விஷயம் அறிவிக்கப்பட்டபின் கிடைப்பது ஒரே மணி நேரம். பல்கலைக்கழக மாணவர்கள் பிரிட்டிஷ் பாராளுமன்ற முறையில் வாதிடும்போதோ பதினைந்தே நிமிஷம். பேச்சின் நடுவே எதிரணியினர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கவும் விதி இடம் தருகிறது. ஒப்பிக்கும் பிள்ளை முதற் கேள்வியிலேயே திகைத்து நின்றுவிடுவான்.

அப்படியானால் ஆயத்தம் எதில் இருக்கிறது? அந்தச் சிறைச்சாலைப் போட்டியே அதையும் விளக்குகிறது. உரிய ஆவணமின்றி நாட்டில் வாழும் மாணவர்களைச் சேர்க்க மறுக்கும் உரிமை அரசுப் பள்ளிகளுக்கு வேண்டும் என்னும் பக்கம் கைதிகளுக்கு வாய்த்தது. இரக்கமற்றதாகத் தோன்றும் இந்தக் கட்சியை, சீர்கெட்ட பள்ளிகள் அப்பிள்ளைகளைக் கைவிடுமானால் தர்ம ஸ்தாபனங்களும் வசதி மிக்க பள்ளிகளும் முன்வந்து மேலான கல்வி தரும் என்ற கோணத்திலிருந்து அவர்கள் நாட்டினார்கள். எதிரணி இந்த வாதத்துக்குத் தக்க விடை தரவில்லை என்பதே நடுவர்களின் தீர்ப்புக்குக் காரணமாயிற்று. எதிரி எதை எதிர்பார்த்து வருவான், எதை எதிர்பாரான் என்று அவனுடைய இடத்தில் அமர்ந்து சிந்தித்துப் பார்ப்பதும், அவன் பேசும்போது தாளை நெடுக்கில் பகுத்து ஒவ்வொரு வாதத்தையும் அதற்குரிய விடையையும் அடுத்தடுத்துக் குறித்துக்கொள்வதும் ஆகிய இந்த அப்பியாசங்களே ஆயத்தத்தின் உயிர்நாடி. வாயைக் காட்டிலும் செவிக்கே இதில் வேலை அதிகம்.

சரளமான நாக்கு ஒன்றே போதும் என்பாருக்கு நீண்ட விடை தேவையில்லை. மேற்சொன்ன பள்ளிப் போட்டியில் முதன்மை உரைக்கு நடுவர் வழங்கும் நூறு மதிப்பெண்ணில் பேச்சு நயத்துக்கு உரியது 40. கருத்துக்கு 40, வாத உபாயத்துக்கு 20.

இனி எஞ்சுவது, உண்மையிலேயே மதிக்கத்தக்க ஓர் ஆட்சேபம். நம்பாத கட்சியைப் பேசப் பழகுவது மனச்சாட்சியை மழுங்கச் செய்யும் என்பார்கள். ஹார்வர்டில் பயின்று பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட், 1913இல் வெளியான தம் சுயசரிதையில், கட்சியைப் பிறர் வகுத்துக் கொடுக்கும் விவாதப் போட்டிகளைக் கண்டித்திருக்கிறார். அந்தக் கைதிகளுக்கும் தாங்கள் பேசிய கட்சியில் சொந்த நம்பிக்கை இருக்கவில்லை. எனினும், நம்முடைய சாஸ்திரகாரர்கள் எதிர்க்கட்சியின் வாதமாகிய பூர்வபட்சத்தை முதலில் நிறுவிவிட்டே சித்தாந்தம் சொல்லப் புகுந்தார்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற மதங்களை எடுத்துரைக்கும் பரபக்கத்தை முன்வைத்துத் தம் மதத்தை நிறுவும் சுபக்கத்தைப் பின்வைத்தார். இதனால் அவருடைய சைவப் பற்றுத் தளர்ந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. ஒரே கட்சியை ஆண்டு முழுவதும் ஒரு மாணவன்மேல் சுமத்தினால் ரூஸ்வெல்டின் அச்சத்துக்கு இடம் உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால், ஒரே விஷயத்தை ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்ளும் அமெரிக்கக் கொள்கை விவாதப் போட்டிகளில், ஒரு சுற்றில் ஆதரித்துப் பேசிய அணியே மற்றொரு சுற்றில் எதிர்த்துப் பேசவேண்டும் என்ற வழக்கம் நிலைத்திருக்கிறது; ஆகவே தன் சொந்தக் கட்சியின் ஓட்டைகளை அந்த மாணவன் எதிரியின் வாயிலாக மட்டுமன்றித் தன் வாயாலும் கேட்டே தீரவேண்டியிருக்கிறது.