விலைக்கும் நீதி வேண்டும்

சித்தூர் மாவட்டம் கிளிமூக்கு மாம்பழத்திற்குப் பெயர் பெற்றது. 2025 ஆம் ஆண்டில் அதன் விலை பெரிதும் வீழ்ந்தது. பழக்கூழ் ஆலைகள் கிலோவிற்கு 8 ரூபாய் தரவேண்டும் என்று அறிவித்த ஆந்திர அரசு, மேலும் 4 ரூபாயைத் தானே வழங்க முன்வந்தது. இவ்வுதவி போற்றத்தக்கது, ஆயினும் ஆண்டுதோறும் இதையே நம்பியிருத்தல் இயலாது.

விளைச்சல் மிகுந்தால் விலை குறைவது இயல்பு. வாங்குவோர் தமக்குள் கூடிப் பேசி விலையைக் குறைப்பின், அது சட்டமீறல். 2002 ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அதனைத் தடுக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் அதனை விசாரித்துத் தண்டம் விதிக்கலாம்.

திருப்பதியில் பழச்சாறு வாங்குபவரிடம் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால், அவர் 1915 என்னும் எண்ணில் முறையிடலாம். அச்சாற்றுக்குப் பழம் விளைவித்த உழவர்க்கும் அத்தகைய எளிய வழி வேண்டும். வாங்குவோரைக் காக்கும் நீதி, விளைவிப்போரையும் காத்தலே முறை.