13 தோல்விக்கும் ஜெஜெ ஒருவர்தான் காரணமா?

தென்காசிக்காரர்களுக்கு ஐ.எஸ்.எல். கால்பந்து பார்க்கப் போவதற்கு இரண்டு ரயில் உண்டு. செங்கோட்டையிலிருந்து சாயங்காலம் கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் சென்னைக்குக் கொண்டுபோய்விடும். பாலருவி எக்ஸ்பிரஸ் மலைக் குகைகளைத் தாண்டி கொல்லம், கோட்டயம் வழியாக எர்ணாகுளத்தில் இறக்கிவிடும். அதனால் சென்னையின் எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதுகிற நாளில் இங்கே ஒரே டீக்கடையில் நீலச் சட்டையும் மஞ்சள் சட்டையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஐயப்ப சாமிமார் கூட்டத்தோடு ஆட்டம் வந்துவிட்டால் குற்றாலத்தில் கேட்கவே வேண்டாம். அங்கே கேரளா வண்டிகளுக்கு என்றைக்குமே குறைவில்லை.

அந்த வாதங்களில் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. 2018-19 சீசன். முந்தைய வருஷம் கோப்பை வாங்கிய சென்னையின், அந்த வருஷம் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி, வெறும் 9 புள்ளியோடு பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. ஸ்ட்ரைக்கர் ஜெஜெ லால்பெக்லுவா அந்த ஐ.எஸ்.எல். முழுக்க அடித்தது ஒரே ஒரு கோல். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்ததும் தீர்ப்பு தயாராகிவிடுகிறது: "ஜெஜெ ஒழுங்கா அடிச்சிருந்தா நாம ஏன்வே கடைசிக்குப் போறோம்?"

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்கவில்லை.

2017-18 லீக் ஆட்டங்களில் சென்னையின் அடித்தது 24 கோல், வாங்கியது 19. அதை வைத்து 32 புள்ளியோடு இரண்டாம் இடம். அடுத்த சீசனில் அடித்தது 16, வாங்கியது 32. அதாவது அடித்ததில் 8 குறைந்தது, வாங்கியதில் 13 கூடியது. ஜெஜெயின் பங்கையும் மறைக்க வேண்டாம். கோப்பை வாங்கிய சீசனில் அவர் அடித்த 9 கோலில் 2 அரையிறுதியில் வந்தவை, லீக்கில் 7. மறு சீசனில் 1. ஆக, குறைந்த 8-இல் 6 அவர் கணக்கில் வருகிறது. எந்த ஸ்ட்ரைக்கருக்கும் அது மோசமான வருஷம்தான்.

சரி, அந்த 6 கோலையும் அவர் அடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். சென்னையின் மொத்தம் 22 ஆகும். அதே சீசனில் சரியாக 22 கோல் அடித்த அணி ஒன்று இருக்கிறது: நார்த்ஈஸ்ட் யுனைடெட். 29 புள்ளியோடு நான்காம் இடம் பிடித்து அரையிறுதிக்கே போனது. காரணம், அவர்கள் வாங்கியது 18 மட்டும். டெல்லி டைனமோஸ் அவர்களைவிட ஒன்று கூடவே அடித்து, 27 வாங்கி, எட்டாவதாக முடித்தது. 22 அடித்து 32 வாங்குகிற அணி எங்கே நின்றிருக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கடைசி இடத்திலிருந்து ஒன்றிரண்டு படி ஏறியிருக்கலாம். ஸ்ட்ரைக்கர் பழைய ஃபார்மில் இருந்திருந்தாலும் அந்த அணி பிளேஆஃப் பக்கம் போயிருக்காது.

இதற்குமேலும் சந்தேகம் இருந்தால் 2018 அக்டோபரில் சென்னையில் நடந்த ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். எதிரணி அதே நார்த்ஈஸ்ட். சொந்த மைதானத்தில் சென்னையின் கணக்கில் மூன்று கோல் விழுந்தது. தோல்வி 3-4. நார்த்ஈஸ்டின் ஒக்பெச்சே ஹாட்ரிக் அடித்துவிட்டுப் போனார். மூன்று கோல் கையில் இருந்தும் ஒரு புள்ளிகூடக் காப்பாற்ற முடியாத ஆட்டத்துக்கு எந்த ஸ்ட்ரைக்கரைக் கூண்டில் ஏற்றுவது?

அடுத்து கொச்சி. மஞ்சள் சட்டைக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பது இதைத்தான். 2019 பிப்ரவரி 15, கலூர் மைதானம், பிளாஸ்டர்ஸ் 3, சென்னையின் 0. அதற்கு முன்னால் பிளாஸ்டர்ஸ் 14 ஆட்டமாக வெற்றியே பார்க்காத அணி. அந்த விரதத்தை நம்மை வைத்து முடித்துக்கொண்டார்கள். போப்லாட்னிக் இரண்டு, சஹல் ஒன்று. "முன்னால பல்லு இல்ல, அதான் இப்படி" என்பது நம் பக்கத்து விளக்கம். 0-1 என்று தோற்றிருந்தால் அந்த விளக்கத்தைக் கேட்டுக்கொள்ளலாம். பதினான்கு ஆட்டம் ஜெயிக்காத அணியிடம் மூன்று வாங்கியவர்கள் முன்வரிசையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொச்சி ஆட்டத்துக்கு ஆறு நாள் முன்னால், பிப்ரவரி 9 அன்று, சென்னையின் தன்னுடைய இரண்டாவது வெற்றியைப் பெற்றிருந்தது. எதிரில் நின்றது அந்த வருஷம் கோப்பையைத் தூக்கப்போகும் பெங்களூரு எஃப்.சி. 2-1. முதல் கோல் அடித்தவர் ஜெஜெ. சீசனில் அவருடைய ஒரே கோல் கிடைத்த இரண்டு வெற்றிகளில் ஒன்றைக் கொடுத்தது. இது டீக்கடையில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. 3-0 மட்டும் மறக்காது.

இனி, "வாய்ப்பு வந்தது, அவர்தான் வீணாக்கினார்" என்ற வாதம். இதில் பாதி உண்மை. வலைக்கு முன்னால் நின்று தவறவிட்டவை உண்டு. தலையில் கைவைத்துக்கொண்டு பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஸ்ட்ரைக்கருக்குக் கோல் எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. ஜெஜெ, பந்தை நடுமைதானத்தில் வாங்கி நாலு பேரை வெட்டி ஓடுகிற ஆள் இல்லை. பாக்ஸுக்குள் இடம் பிடிப்பார், டிஃபெண்டரை முதுகில் தாங்குவார், சரியான நேரத்தில் வரும் பாஸுக்கும் கிராஸுக்கும் காலையோ தலையையோ வைப்பார். அப்படிப்பட்டவருக்குப் பந்து போய்ச் சேராத நாளில் அவரைத் திட்டுவது, தண்ணீர் விழாத நாளில் குற்றாலத்து ஐந்தருவியின் கீழே நிற்கிறவனை ஏன் குளிக்கவில்லை என்று கேட்பது போலத்தான்.

பந்து ஏன் போய்ச் சேரவில்லை? 2018 கோப்பை அணியின் கேப்டன் என்ரிக் செரெனோ, டிஃபென்ஸின் நடுவே நின்றவர், போய்விட்டார். மிட்ஃபீல்டில் பந்தை நிதானமாகப் பிரித்துக் கொடுத்த ரெனே மிகெலிச் டெல்லிக்குப் போய்விட்டார். வியாசர்பாடியில் பந்து உதைத்துப் பழகி தேசிய அணி வரை போன தனபால் கணேஷ், முழங்கால் காயத்தால் அந்தச் சீசனின் பெரும்பகுதியில் களத்திலேயே இல்லை. இந்தக் கடைசிப் பெயரை நாம் லேசாகத் தாண்டிவிடுகிறோம். டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று எதிரணியின் பந்தைப் பிடுங்குவதும், பிடுங்கியதை முன்னால் அனுப்புவதும் அவர் வேலை. அந்த ஒரு இடம் காலியானால் பின்னால் கோல் கூடும், முன்னால் பந்து குறையும். மேலே சொன்ன இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கெட்டுப்போனதற்கு என் கணிப்பில் இதுதான் பெரிய காரணம். 2018 மார்ச் 13 அன்று கோவாவை 3-0 என்று சாய்த்த அரையிறுதியில் ஜெஜெ இரண்டு, கணேஷ் ஒன்று அடித்தார்கள். அந்த ஜோடியில் ஒருவர் கட்டுப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மற்றவர் தனியாக நின்று திட்டு வாங்கினார்.

கோப்பை வாங்கிய அணியும் ஜெஜெயை மட்டும் நம்பி ஓடவில்லை. பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் 3-2 என்று ஜெயித்தபோது கோல் அடித்தவர்கள் மெயில்சன் ஆல்வ்ஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. மெயில்சன் டிஃபெண்டர்; அவருடைய இரண்டும் கிரெகரி நெல்சனின் கார்னரில் தலையால் முட்டியவை. வெற்றி பெற்றபோது பத்துப் பேர் பங்குபோட்டுக்கொண்ட அணிக்குத் தோற்றபோது மட்டும் ஒரே ஒரு ஆள் பொறுப்பா?

"அவருக்கு வயசாயிட்டு, கோல் அடிக்கவே மறந்துட்டார்" என்றும் சொல்வார்கள். 2019 ஜனவரி 6, அபுதாபி, ஆசியக் கோப்பை. தாய்லாந்துக்கு எதிராக 78-ஆவது நிமிஷத்தில் மாற்று வீரராக இறங்கினார், 80-இல் கோல். இந்தியா 4-1. மறுநாள் அவருக்கு 28-ஆவது பிறந்தநாள். அதற்குப் பிறகு மார்ச்சில், ஏ.எஃப்.சி. கோப்பைத் தகுதிச் சுற்றில் சென்னையின் கொழும்பு எஃப்.சி.யை 1-0 என்று வென்றபோது அந்த ஒன்றை அடித்தவரும் அவரே. ஐ.எஸ்.எல்.லில் ஆடும்போது மறந்துவிட்டு மற்ற போட்டிகளில் ஆடும்போது ஞாபகம் வருகிற மறதி எந்த வகை என்று எனக்குத் தெரியவில்லை. 56 ஆட்டத்தில் இந்தியாவுக்காக 23 கோல் அடித்தவர் அவர்.

இன்னொரு வாதம் கொஞ்சம் நாகரிகமாக வரும்: இந்திய ஸ்ட்ரைக்கரை நம்பியது தப்பு, நல்ல வெளிநாட்டுக்காரரைப் பிடித்திருக்க வேண்டும். 2019-20 சீசனில் ஜெஜெ காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. லித்துவேனியாவிலிருந்து நெரியுஸ் வால்ஸ்கிஸ் வந்திருந்தார். அப்படியும் முதல் நான்கு ஆட்டத்தில் சென்னையின் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகி, ஓவன் காயில் வந்து, ஆட்டத்தின் போக்கையே மாற்றிய பிறகுதான் வால்ஸ்கிஸ் கால்களுக்குப் பந்து தொடர்ந்து போய்ச் சேர ஆரம்பித்தது. சீசன் முடிவில் அவர் கணக்கில் 15 கோல், தங்கக் காலணி, அணிக்கு இறுதியாட்டம். வால்ஸ்கிஸ் திறமைசாலி, அதில் பேச்சே இல்லை. ஆனால் முதல் நான்கு ஆட்டத்தில் சும்மா நின்ற அதே வால்ஸ்கிஸ்தான் பிறகு 15 அடித்தார்.

எதிர்க்கட்சிக்கு நியாயமாக ஒன்றை விட்டுக்கொடுக்கலாம். முழங்கால் காயத்துக்குப் பிறகு ஜெஜெ பழைய ஜெஜெயாகத் திரும்பவில்லை. 2020-இல் ஈஸ்ட் பெங்கால் போனார், அங்கே எடுபடவில்லை. 2023-இல் ஓய்வை அறிவித்தார்.  காயத்துக்குப் பின் வந்த சரிவைக் காட்டி, காயத்துக்கு முன் நடந்த தோல்விக்கு அவரைக் குற்றவாளியாக்குவது மட்டும் நியாயமில்லை. சென்னையினைவிட்டுப் போகும்போது ஐ.எஸ்.எல்.லில் அந்தக் கிளப்புக்காக 23 கோல் அடித்திருந்தார். அவரைவிட அதிகம் அடித்தவர் அன்றைக்கு எவரும் இல்லை.

ஆகவே பழியைச் சரியாகப் பங்கு வையுங்கள். குறைந்துபோன 8 கோலில் 6-ஐ ஜெஜெ கணக்கில் தாராளமாக எழுதுங்கள். கூடுதலாக வாங்கிய 13-ஐ, செரெனோ போன இடத்துக்கும் கணேஷ் காயம்பட்ட இடத்துக்கும் சரியான ஆளைக் கொண்டுவராத நிர்வாகத்தின் பேரிலும், பயிற்சியாளர் பேரிலும் எழுதுங்கள்.