ஒரே சீசன், இரண்டு ‘உலகின் சிறந்த வீரர்’: கால்பந்து விருதுகளில் ஏன் இந்தக் குழப்பம்?

2024 அக்டோபர் 28, பாரிஸ். ஊன்றுகோலுடன் மேடையேறி பாலன் டி ஓர் விருதை வாங்கினார் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி. தங்கள் வீரர் வினிசியஸ் ஜூனியருக்கு விருது இல்லை என்று தெரிந்ததும் ரியல் மாட்ரிட் விழாவையே புறக்கணித்தது. சிறந்த ஆண்கள் கிளப், சிறந்த பயிற்சியாளர் விருதுகள் ரியலுக்குத்தான். ஆனா, வாங்கத்தான் ஆள் இல்லை.

ஏழு வாரம் கழித்து, தோஹாவில் ஃபிஃபாவின் ‘தி பெஸ்ட்’ விருது. இங்கே வென்றவர் வினிசியஸ், ரோட்ரிக்கு இரண்டாமிடம்.

இரண்டு விருதுமே கிட்டத்தட்ட ஒரே சீசனுக்கானவை. அப்புறம் எப்படி இரண்டு பேர்? ஓட்டு போட்டவங்க வேற, அவ்ளோதான்.

*யார் ஓட்டு போடுறாங்க?*

பாலன் டி ஓர், ‘பிரான்ஸ் ஃபுட்பால்’ இதழ் 1956 முதல் வழங்கும் விருது. முதலில் 30 வீரர்களின் பட்டியல் வரும். ஃபிஃபா தரவரிசையில் முதல் 100 நாடுகளிலிருந்து, நாட்டுக்கு ஒரு பத்திரிகையாளர் அதிலிருந்து 10 பேரை வரிசைப்படுத்துவார். முதலிடத்துக்கு 15 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 12, இப்படியே குறைந்து பத்தாமிடத்துக்கு 1.

‘தி பெஸ்ட்’ கணக்கு வேறு. ஃபிஃபாவில் உள்ள 211 நாடுகளின் கேப்டன்கள், பயிற்சியாளர்கள், பத்திரிகையாளர்கள், இவர்களோடு ஆன்லைனில் ரசிகர்கள். நான்கு தரப்புக்கும் தலா 25 சதவீதம்.

*41 புள்ளியில் போன விருது*

பாரிஸில் ரோட்ரிக்கு 1,170 புள்ளிகள், வினிசியஸுக்கு 1,129. வித்தியாசம் வெறும் 41. மூன்று முதலிட ஓட்டுகளின் மதிப்பைவிடக் குறைவு.

மூன்றாமிடம் ஜூட் பெல்லிங்ஹம், நான்காமிடம் டேனி கார்வஹால். இருவருமே ரியல் வீரர்கள்தான். ஒரே அணியில் மூன்று பேர் ஜொலித்தால் மேலிட ஓட்டுகள் அவர்களுக்குள்ளேயே பிரியும். வினிசியஸைத் தவிர்க்க யாரும் சதி செய்யத் தேவையில்லை. இந்த முறையின் கணக்கே அப்படித்தான்.

அதற்காக ரோட்ரி அதிர்ஷ்டத்தில் ஜெயித்தார் என்றும் சொல்ல முடியாது. பிரீமியர் லீக் பட்டம், ஸ்பெயினுடன் யூரோ கோப்பை, அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருது எல்லாம் அவர் கையில். வினிசியஸோ லா லிகா, சாம்பியன்ஸ் லீக் இரண்டையும் வென்றவர். சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியிலும் கோல் அடித்தவர். எதற்கு அதிக மதிப்பு என்பதில் நியாயமாகவே இரண்டு கருத்து இருக்கலாம்.

*ஸ்னைடருக்கு நடந்தது*

ஓட்டு போடுபவர்கள் மாறினால் முடிவும் மாறும் என்பதற்கு 2010 நல்ல உதாரணம். ஃபிஃபாவும் பிரான்ஸ் ஃபுட்பாலும் கைகோத்து ஒரே விருதாக வழங்கத் தொடங்கிய முதல் வருடம் அது. பத்திரிகையாளர்களோடு கேப்டன்களும் பயிற்சியாளர்களும் ஓட்டு போட்டார்கள்.

இன்டர் மிலானுடன் மூன்று கோப்பை வென்று, நெதர்லாந்தை உலகக் கோப்பை இறுதிப்போட்டி வரை கொண்டுபோன வெஸ்லி ஸ்னைடர்தான் பத்திரிகையாளர் ஓட்டில் முதலிடம். மற்ற இரு தரப்பையும் சேர்த்ததும் நான்காமிடத்துக்கு இறங்கினார். விருது லியோனல் மெஸ்ஸிக்கு. பழைய முறையே தொடர்ந்திருந்தால் ஸ்னைடர் வீட்டில் ஒரு பாலன் டி ஓர் இருந்திருக்கும். அந்தக் கூட்டணி 2015 வரை நீடித்து, பிறகு பிரிந்தது.

*இந்தியாவுக்கு ஓட்டு உண்டா?*

பாலன் டி ஓரில் 2024இல் இல்லை. நம் ஆண்கள் அணி தரவரிசையில் 100க்கு வெளியே இருந்ததால், இந்தியப் பத்திரிகையாளருக்கு வாய்ப்பில்லை. ‘தி பெஸ்ட்’டில் உண்டு. இந்திய கேப்டன் ஓட்டும் பிரேசில் கேப்டன் ஓட்டும் அங்கே சமம். ரசிகர்களும் போனிலிருந்தே ஓட்டு போடலாம்.

எந்த முறை சரி? பத்திரிகையாளர்கள் சீசன் முழுக்கப் பார்த்து எடைபோடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் 100 பேர்தான். கேப்டன்களுக்கு மைதானம் தெரியும். ஆனால் சக வீரருக்கே ஓட்டு போகவும் வாய்ப்பு உண்டு. ரசிகர்கள் ஓட்டில் புகழுக்குத் தனி பலம்.

அடுத்த முறை “அநியாயம்!” என்று ட்ரெண்ட் ஆகும்போது, ஜெயித்தவரைத் திட்டும் முன் ஓட்டு போட்டவர்கள் யார் என்று பார்த்துவிடுவது நல்லது.