வெயில் ஊர் என்றாலும் தெர்மோஸ்டாட் வேண்டும்

"நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்? கழட்டி விட்டுட்டா வண்டி எப்பவும் கூலா இருக்கும்." இப்படிச் சொல்லித் தெர்மோஸ்டாட் வால்வைத் தூக்கி எறிவதும், சாவி போட்டதுமே சுற்றும்படி ரேடியேட்டர் ஃபேனை டைரக்ட் பண்ணிவிடுவதும் நம் ஒர்க்‌ஷாப்புகளில் வெகு சாதாரணம். வெப்பமுள் கீழேயே படுத்துக் கிடக்கும். கார்க்காரருக்கும் திருப்தி. எனக்கு இதில் ஆத்திரம்தான் வருகிறது.

சித்திரை வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் 45 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். என்ஜினுக்குள் கூலன்ட் 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். காஷ்மீரானாலும் காட்பாடியானாலும் இதில் மாற்றமில்லை. என்ஜின் அந்தச் சூட்டைச் சீக்கிரம் எட்டுவதற்காக, அதுவரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதுதான் வால்வின் வேலை.

அம்பாசிடர் காலத்தில் இதைக் கழற்றினால் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. மாருதி 800கூட 2000 வாக்கில் கார்புரேட்டரை விட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ முறைக்கு மாறிவிட்டது. இப்போது எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது என்பதை என்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ முடிவுசெய்கிறது. அதற்குச் சூட்டைச் சொல்வது கூலன்ட் சென்சார். வால்வு இல்லாத என்ஜின் 60 டிகிரியிலேயே ஓடினால், வண்டி இன்னும் சூடேறவில்லை என்று இசியூ கூடுதலாகப் பெட்ரோல் விடும். மைலேஜ் விழும், பிளக் கறுக்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெளுத்த பிசுக்கு ஒட்டியிருக்கும். கடைசியில் பழி சென்சார்மேல் விழுந்து, நல்ல சென்சாரை மாற்றுகிறார்கள்.

வால்வு மூடியபடி இறுகிப்போனால் என்ஜின் கொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை இறுக வைப்பது எது? பெரும்பாலும் ரேடியேட்டரில் ஊற்றும் போர் தண்ணீர். அந்த உப்பும் துருவும்தான் சென்சார் முனையிலும் படிந்து அளவைக் கெடுக்கின்றன. தண்ணீரை மாற்றாமல் வால்வைக் கழற்றுவது என்ன வைத்தியம்?

சந்தேகமிருந்தால் சோதிக்க ஒரு பாத்திரமும் அடுப்பும் தெர்மாமீட்டரும் போதும். வால்வைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றினால், அதன்மேல் பொறித்திருக்கும் அளவில், பல சின்ன கார்களில் 82 அல்லது 88 டிகிரியில், மெல்லத் திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். சென்சார் முனையையும் அதே தண்ணீரில் வைத்து இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரைப் பிடியுங்கள். 20 டிகிரியில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஓம் காட்டுவது, 80ஐத் தொடும்போது ஏறக்குறைய 300க்கு இறங்கும். இறங்காமல் நின்றாலோ இடையில் குதித்தாலோ அப்போது மாற்றுங்கள். அதற்கு முன் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; பாதிக் கோளாறு அங்கேதான்.

முள் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை இன்னும் மோசம். சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். ஹோஸ் கசிந்து கூலன்ட் வடிந்துவிட்டால் அதன் முனை வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கும். சிலிண்டர் ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதே முள் அசையாமல் இருக்கக்கூடும். பல புதிய சின்ன கார்களில் முள்ளும் கிடையாது. என்ஜின் ஆறியிருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். எனவே என்ஜின் ஆறியிருக்கும் காலையில் ரிசர்வ் டேங்கின் அளவைப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்டையே ஊற்றச் சொல்லுங்கள். கழற்றிய வால்வுக்குப் பதில் புதியதை கேஸ்கட்டோடு போட்டு, டைரக்ட் பண்ணிய ஃபேனை மறுபடி ரிலேயில் கொடுக்கச் சொல்லுங்கள்.