வீட்டுப் பிள்ளை வாய் திறந்தால்

ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் அயாக்ஸ் என்றொரு கால்பந்துக் கழகம் உண்டு. 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் ஆட்டத்தை நேரில் கண்டவர் நம் வாசகருள் மிகச் சிலரே இருக்கக்கூடும். ஆயினும், நம் கடலோரப் பங்குகளில் மாலை வேளையில் மணலில் பந்துதைக்கும் இளைஞரைக் கேட்டால், அக்கழகத்தின் பெயரையும் அதில் ஆடிய யொகான் கிராய்ஃப் என்பாரின் பெயரையும் தயங்காமல் சொல்வர். தம்மை வளர்த்த அக்கழகத்தை அவர் பகிரங்கமாகக் கண்டித்து எழுதியபோது, அதன் அபிமானிகள் பட்ட பாட்டைக் குறித்து இத்திங்கள் சில சொல்ல விரும்புகிறோம். பங்குச் சாமியாருக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று கேட்பவர், இரண்டு பக்கம் பொறுத்தருள வேண்டும்.

கிராய்ஃப் 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்தவர். அயாக்சின் பழைய ஆடுகளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வளர்ந்தவர். தந்தையார் காய்கனி வணிகர். கழகத்திற்கும் பழங்கள் கொடுத்து வந்தவர். பத்தாம் வயதில் மகன் கழகத்துச் சிறுவர் அணியில் சேர்ந்தான். பன்னிரண்டாம் வயதில் தந்தையை இழந்தான். கைம்பெண்ணான தாய், அந்தக் கழகத்திலேயே துப்புரவு வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். ஆகவே அயாக்ஸ் என்பது கிராய்ஃபுக்கு வேலை கொடுத்த நிறுவனம் மட்டுமன்று, சோறிட்ட வீடு. 1964ஆம் ஆண்டு நவம்பரில், பதினேழாம் வயதில், முதல் அணியில் ஆடினார். 1971, 1972, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை அயாக்ஸ் தொடர்ந்து வென்றதில் அவருக்குள்ள பங்கை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இருப்பினும், அந்த உறவில் பிணக்கும் ஆரம்பமுதல் இருந்தே வந்தது. 1973இல் அணித் தலைவரை ஆட்டக்காரர் வாக்களித்துத் தேர்ந்தபோது கிராய்ஃபை விடுத்து வேறொருவரைத் தேர்ந்தனர். அவர் மனம் நொந்து பார்சலோனாவுக்குப் போய்விட்டார். 1981இல் திரும்பி வந்து இரண்டு ஆண்டு லீக் பட்டம் பெற்றுத் தந்தார். 1983இல், வயதாகிவிட்டதென்று எண்ணினார்களோ, சம்பளம் அதிகமென்று எண்ணினார்களோ, புதிய ஒப்பந்தம் கொடுக்கக் கழகத்தார் முன்வரவில்லை. அவர் செய்ததென்ன? அயாக்ஸ் அபிமானிகள் ஜென்மப் பகையாகக் கருதும் ரோட்டர்டாம் நகரத்து ஃபெய்நூர்த் கழகத்தில் போய்ச் சேர்ந்தார்! அந்தச் செப்டம்பரில் அயாக்ஸ் அவர்களை எட்டுக்கு இரண்டு என்று தோற்கடித்தபோது, ஆம்ஸ்டர்டாம் மக்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பர்! ஆனால் பருவம் முடிகையில் லீக் பட்டம், நாட்டுக் கோப்பை இரண்டும் ஃபெய்நூர்த்துக்கே போயின. அப்போது கிராய்ஃபுக்கு வயது முப்பத்தேழு. இத்தனைக்கும் பிறகு 1985இல் பயிற்சியாளராக அவரை மீண்டும் வீட்டுக்குள் அழைத்தார்கள், அவரும் வந்தார், 1987இல் ஐரோப்பாவின் கோப்பை வெற்றியாளர் கோப்பையை வென்று கொடுத்தார். சண்டையிட்டுக்கொண்டே சோறுண்ணும் குடும்பங்களை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

இனி 2010ஆம் ஆண்டுக்கு வருவோம். அயாக்ஸ் லீக் பட்டம் வென்று ஆறாண்டுகள் ஆகியிருந்தன. 1998இலேயே கழகம் பங்குச் சந்தையில் இடம்பெற்று (நம் பங்கு வேறு, அந்தப் பங்கு வேறு) வணிக நிறுவனமாகிவிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாட்ரிட் நகரில் ரியல் மாட்ரிட் அணியிடம் சுழியத்துக்கு இரண்டு என்று தோற்றது. இரண்டே என்பது ஆறுதல். அன்றைய ஆட்டத்தைப் பார்த்தவர், இன்னும் பல வாங்கியிருக்கலாம் என்றே கருதினர். சில நாளில், தெ டெலகிராஃப் என்னும் நாளிதழில் தாம் எழுதிவந்த பகுதியில் கிராய்ஃப் கடுமையாக எழுதினார். இது அயாக்சே அன்று. 1965இல் ரீனுஸ் மிகெல்ஸ் பயிற்சியாளராக வந்து கைதூக்கி விடுவதற்கு முன்னிருந்த அணியைவிட இது மோசம் என்பது அவர் தீர்ப்பு. சிறுவர் பயிற்சியைக் கவனிப்பாரில்லை, பந்து தெரியாதவர் பந்தாட்டத்தைப் பற்றி முடிவு செய்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம்.

அபிமானிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் எழுதியதில் ஒரு வரியேனும் அவர்கள் அறியாததன்று. ஆடுகளத்தின் படிக்கட்டுகளில் உட்கார்ந்து, வாரந்தோறும் அதனினும் கடுமையாக அவர்களே பேசிவந்தனர். ஆனால் தாம் பேசுவது ஒன்று, கேட்பது வேறொன்று. தம் பிள்ளையைத் தாம் திட்டலாம். பக்கத்து வீட்டார் திட்டினால் பொறுக்குமோ? கிராய்ஃப் பக்கத்து வீட்டாரா, சொந்த வீட்டாரா என்பதுதான் சிக்கல். உள்ளேயிருந்து உழைப்பவராயின் உரிமையுண்டு என்பர். அயலாராயின் அலட்சியம் செய்யலாம். அவரோ இரண்டிலும் அடங்காதவர். பார்சலோனாவில் வசதியாக வாழ்ந்துகொண்டு, நாளிதழில் எழுதி, எட்ட நின்று கல்லெறிகிறார் என்று சிலர் மனம் புழுங்கினர். அவரைத் தவிர வேறு யார்தான் இதைச் சொல்ல முடியும் என்று வேறு சிலர் வாதாடினர். ஒரே மனிதரின் உள்ளத்தில் இரண்டும் மாறிமாறி எழுந்ததும் உண்டென்றே நாம் கருதுகிறோம். பழைய வீரர் ஒருவர் தம் அபிமானிகளுக்கு இளமைக் கால நினைவாகவே இருக்கிறார். தந்தையின் கைப்பிடித்துப் போய்ப் பார்த்த ஆட்டம் அவருடையது. அந்த நினைவே எழுந்து நின்று, ‘இன்றைய உங்கள் அணி ஒன்றுக்கும் ஆகாது’ என்று சொன்னால், வலி எங்கே படுமென்று சொல்ல வேண்டுவதில்லை.

இத்தகைய கண்டனங்கள் எல்லாம் ஒரே தரத்தவை என்று நாம் கொள்ளவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் முன்னாள் வீரர் கேரி நெவில், தொலைக்காட்சியில் அக்கழகத்தின் உடைமையாளரைச் சாடும்போது அபிமானிகள் ஆரவாரிக்கின்றனர். அவர் தாக்குவது, அவர்களும் வெறுப்பவரை. அதே கழகத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோ 2022ஆம் ஆண்டு நவம்பரில், இன்னும் ஊதியம் பெறும் ஆட்டக்காரராக இருக்கும்போதே, ஒரு பேட்டியில் கழகத்தையும் பயிற்சியாளரையும் குறை கூறினார்; அம்மாதம் 22ஆம் நாள் ஒப்பந்தம் முறிந்தது. வசதிகளும் முறைகளும் பல்லாண்டாக முன்னேறவில்லை என்று அவர் சொன்னதை ஒப்புக்கொண்டவர் பலர். ஆனால் தம்மை வெளியே உட்கார வைத்த மனக்குறையும் அதில் கலந்திருந்தமையால், மெய்யும் கசந்தது. சொல்வது மெய்யா என்று மட்டும் மக்கள் பார்ப்பதில்லை. சொல்லி முடித்தபின் அவர் எங்கே போய் நிற்கிறார் என்பதையும் பார்க்கிறார்கள்.

கிராய்ஃப் எங்கே போய் நின்றார்? அயாக்சின் வாசலில். அவ்வாண்டு டிசம்பரில் பயிற்சியாளர் மார்ட்டின் யோல் விலக, பழைய வீரரான ஃபிராங்க் தெ பூர் பொறுப்பேற்றார். 2011ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் தலைவர் ஊரி கொரொனெலும் நிர்வாகக் குழுவினரும் பதவி விலகினர். மே மாதம் கழகம் தன் முப்பதாவது பட்டத்தை வென்றது. அதையும் சேர்த்துத் தொடர்ந்து நான்கு முறை வென்றது. கிராய்ஃப் மேற்பார்வைக் குழுவில் அமர்ந்தார். அங்கும் அமைதியில்லை. 2011 நவம்பரில் மற்ற உறுப்பினர் அவரைக் கேளாமலே லூயி ஃபான் காலை இயக்குநராக அமர்த்த, கிராய்ஃபும் இளைஞர் பயிற்சியாளரும் வழக்குத் தொடுத்தனர். 2012 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு மன்றத்தில் தீர்ப்பு அவர்கள் பக்கம் ஆயிற்று. கிராய்ஃப் எல்லாவற்றிலும் சரியாக நடந்தார் என்று நாம் சான்று கொடுக்கப் போவதில்லை. பிடிவாதக்காரர், சக உறுப்பினரோடு ஒத்துப்போகத் தெரியாதவர். 2015 நவம்பரில், தம் திட்டம் உள்ளபடி நிறைவேறவில்லை என்று கூறி ஆலோசகர் பொறுப்பையும் துறந்தார். ஆனால் சிறுவர் பயிற்சியைப் பற்றி அவர் சொன்னது வீண்போகவில்லை. 2019இல் அயாக்ஸ் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் போட்டியில் அரையிறுதிவரை சென்றபோது, அணித் தலைவர் பத்தொன்பது வயது இளைஞர். கழகத்தின் சிறுவர் பயிற்சியிலேயே வளர்ந்தவர்.

திருச்சபையின் பிள்ளைகளாகிய நமக்கு இக்கதை அந்நியமானதா? நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில், வளர்ந்த ஊராரின் நடுவே, நம் ஆண்டவர் எழுந்து பேசியதை லூக்கா நற்செய்தி நான்காம் அதிகாரம் சொல்கிறது. முதலில் வியந்தவர்களே, சரெப்தா ஊர்க் கைம்பெண்ணையும் சிரியா நாட்டு நாமானையும் அவர் எடுத்துக்காட்டியதும் சினந்தெழுந்து, மலைவிளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தச்சன் மகன் நமக்குப் புத்தி சொல்வதா என்பதே அவர்கள் கோபம். அந்தியோக்கியாவில் புனித சின்னப்பர், புனித இராயப்பரை எல்லார் முன்பாகவும் எதிர்த்துப் பேசியதைக் கலாத்தியர் திருமுகத்தில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அதைத் திருச்சபை மறைக்கவில்லை. திருப்பலியில் வாசிக்கவும் செய்கிறது. சியன்னா நகரத்துப் புனித கத்தரீனம்மாளோ, அவிஞோனில் தங்கியிருந்த திருத்தந்தை 11ஆம் கிரகோரியாருக்கு, மகள் தந்தைக்கு எழுதும் அன்போடும், எந்த ஆயரும் துணியாத கண்டிப்போடும், உரோமைக்குத் திரும்பும்படி கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1377 ஜனவரியில் திருத்தந்தை உரோமைக்குத் திரும்பினார். 1970இல் ஆறாம் சின்னப்பர் அப்புனிதைக்குத் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் பட்டம் அளித்தார்.

இவ்வளவும் எழுத நமக்குக் காரணம் ஒன்றுண்டு, அதை மறைப்பானேன்? நம் பங்கில் சிறு வயதில் பீடச் சிறுவனாயிருந்து, இன்று குடும்பத்தோடு குவைத்தில் வாழும் ஒருவர், சென்ற திருவிழா முடிந்தபின் பங்குப் பேரவைக்கு ஒரு கடிதம் எழுதினார். வாணவேடிக்கைக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் செலவிட்ட தொகையைக் குறிப்பிட்டு, மறைக்கல்விச் சிறுவர் இன்னும் வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்களே, இதற்கு வெட்கப்பட வேண்டாமா என்று கேட்டிருந்தார். சொற்கள் சற்றுக் காரம். பிரதியை ஊரில் நாலு பேருக்கு அனுப்பியது நல்லதன்று என்பதே நம் கருத்தும். சகோதரனை முதலில் தனிமையில் கண்டு திருத்தும்படி மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரம் சொல்கிறது. பேரவைக் கூட்டத்தில் கடிதம் வாசிக்கப்பட்டபோது எழுந்த கூச்சலைச் சொல்லி முடியாது. எத்தனை ஆண்டாய்த் திருவிழா வரி கட்டவில்லை என்று ஒருவர் கணக்கெடுத்தார். அங்கே உட்கார்ந்து ஏசுவது எளிது, இங்கே வந்து ஒரு நாள் தோரணம் கட்டட்டும் என்றார் மற்றொருவர். அதிலும் நியாயம் உண்டு. வெயிலில் நின்று உழைத்தவர்கள் அவர்களே. நெடுநாள் உறுப்பினரான பெரியவர் ஒருவர் சொன்னதுதான் நம் நெஞ்சில் நின்றது: “சாமி, அந்தப் பிள்ளை சொல்வது சரிதான்; ஆனால் அவன் சொல்லக் கூடாது.”

பதில் எழுதுவதில்லை என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். அக்கடிதத்தை அடுத்த கூட்டத்தில் மீண்டும் ஒருமுறை, எழுதியவர் பெயரை வாசிக்காமல், பெஞ்சுகளைப் பற்றிய பகுதியை மட்டும் வாசிக்கக் கேட்டிருக்கிறோம். தச்சரிடம் பெஞ்சு ஒன்றுக்கு என்ன ஆகும் என்றும் விசாரித்து வைத்திருக்கிறோம். இதை எழுதும் நாளில் அக்கூட்டம் இன்னும் கூடவில்லை. ஞாயிறுதோறும் நாற்பது சிறுவர் தரையில் உட்கார்ந்துதான் மன்றாட்டுகளை மனப்பாடம் செய்கிறார்கள்.

கிராய்ஃப் 2016ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், நுரையீரல் புற்றுநோயால் பார்சலோனாவில் காலமானார். அவ்வாண்டில் அது பெரிய வியாழன். மறுநாள், பெரிய வெள்ளியன்று இரவு, அயாக்சின் ஆடுகளத்தில் ஆலந்து நாட்டு அணி பிரான்சு அணியோடு ஆடியது. அவர் அணிந்த எண் பதினான்கு. பதினான்காம் நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தினார்கள். இரு நாட்டு வீரரும் நின்றுவிட, அரங்கம் முழுவதும் எழுந்து கைதட்டியது. 1983இல் அவர் ஃபெய்நூர்த்துக்குப் போனபோது அவரைத் துரோகி என்று எண்ணியவரும், 2010இல் அவர் எழுதியதைப் படித்து நாளிதழைக் கசக்கி எறிந்தவரும் அக்கூட்டத்தில் இல்லாமலா இருந்திருப்பர்? இரண்டாண்டு கழித்து அந்த ஆடுகளத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். அன்றிரவு ஆட்டத்தில் ஆலந்து இரண்டுக்கு மூன்று என்று தோற்றது.