பத்துக் கையெழுத்துப் போடுங்கள், தோழர்களே!

காங்கிரஸ் தோழர்களே, கேளுங்கள்.

அகில இந்தியத் தலைவரின் பதவிக்காலம் 5 ஆண்டு. கார்கே பொறுப்பேற்றது 2022 அக்டோபரில். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தேர்தல் வரப்போகிறது. பிரதிநிதிகள் பட்டியல் தயாராகும். பெயர்கள் சேரும், பெயர்கள் விடுபடும். வட்டாரத்துக்கு யார் என்று யாரோ ஒரு அறையில் முடிவு செய்வார்கள். அந்த அறைக்குள் நாம் இருப்போமா? வாசலில் நின்று மாலை போடுவோமா?

வாசலில் நின்றது போதும். உள்ளே போவோம்.

தலைவர் பதவிக்கு மனு போட எத்தனை பேர் முன்மொழிய வேண்டும்? பத்துப் பேர். பத்தே பத்துப் பிரதிநிதிகள். நாடு முழுக்க ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் இருக்கும் கட்சி இது. கோடீஸ்வரனாக இருக்க வேண்டாம். குடும்பப் பெயர் வேண்டாம். டெல்லியில் வீடு வேண்டாம். பத்துக் கையெழுத்துப் போதும்.

அந்தப் பத்துக் கைகள் ஏன் நடுங்குகின்றன?

2022-ஐ மறக்காதீர்கள். ஓட்டுக் கேட்டு சசி தரூர் சத்தியமூர்த்தி பவனுக்கு வந்தார். நம் கட்சி எம்.பி. நம் கட்சித் தேர்தல். நம் அலுவலகம். வந்து உட்கார்ந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எங்கே போனார்கள்? தரூரைப் பிடிக்காமல் போனவர்கள் இருக்கலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் பாதிப்பேர் வராததன் காரணம் நமக்குத் தெரியும். போட்டோவில் முகம் விழுந்துவிடும். அண்ணன் காதுக்குப் போய்விடும். நாளைக்கு சீட்டு கிடைக்காது. அவ்வளவுதான் காரணம்.

ஒரு மனிதர் பேசுவதைக் கேட்கக்கூடப் பயந்தோம், தோழர்களே. ஓட்டுப் போட அல்ல. கேட்க!

கார்கே மீது நமக்கு ஒரு குறையும் இல்லை. குல்பர்காவில் தொண்டராகத் தொடங்கி, தலித் குடும்பத்திலிருந்து தலைமைக்கு வந்த மனிதர். அவர் ஜெயித்தது தவறல்ல. போட்டி நடக்கும் முன்பே முடிவு தெரிந்துவிட்டது என்று நாம் வாயை மூடிக்கொண்டோமே, அதுதான் தவறு.

அந்தத் தேர்தல் எப்படி நடந்தது? வாக்காளர் பட்டியலை வெளியிடுங்கள் என்று ஐந்து எம்.பி.க்கள் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நம் சிவகங்கை கார்த்தி சிதம்பரமும் அதில் ஒருவர். யாரிடம் ஓட்டுக் கேட்பது என்று தெரியாமல் ஒரு வேட்பாளர் எப்படி ஓட்டுக் கேட்பார்? வாக்குச் சீட்டில் விருப்பமானவர் பெயருக்கு எதிரே "1" என்று எழுதச் சொன்னார்கள். சீட்டில் முதல் பெயர் கார்கே. குழப்பம் வரும் என்று தரூர் தரப்பு எதிர்த்தது. மாற்றினார்கள். டிக் போட்டால் போதும் என்றார்கள்.

பார்த்தீர்களா? கேட்டார்கள், மாறியது. கேட்டதால் மாறியது.

முடிவு என்ன? கார்கேவுக்கு 7,897. தரூருக்கு 1,072. தோல்விதான். ஆனால் 2000-இல் சோனியாவை எதிர்த்து நின்ற ஜிதேந்திர பிரசாதா வாங்கியது எத்தனை? 94. வெறும் 94! கூட்டத்துக்கு வரப் பயந்தவர்கள் பெட்டி முன்னால் பயப்படவில்லை. எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று தெரியாதபடி எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்துதான் எண்ணினார்கள். உங்கள் ஓட்டு உங்களோடு. இதை உரக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிரதிநிதிக்கும் சொல்லுங்கள்.

ஜெயிக்காத குதிரை மேல் பணம் கட்டாதே என்பார்கள். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்பார்கள். நம்பாதீர்கள்!

1940-க்கு வாருங்கள். தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தல். ஒரு பக்கம் சி.பி. சுப்பையா. அவருக்குப் பின்னால் ராஜாஜி, அப்போதுதான் சென்னை மாகாணப் பிரதமர் பதவியை விட்டு வந்தவர். இன்னொரு பக்கம் 36 வயது விருதுநகர்க்காரர். பாதியில் பள்ளியை விட்டவர். ஆங்கில மேடை இல்லை. சொத்து இல்லை. ஜெயில் மட்டும் உண்டு. சத்தியமூர்த்தி துணை உண்டு. தொண்டர்கள் உண்டு.

காமராஜருக்கு 103. சுப்பையாவுக்கு 100.

மூன்று ஓட்டு! அன்றைக்கு மூன்று பிரதிநிதிகள், நமக்கெதற்கு வம்பு என்று ஊரிலேயே தங்கியிருந்தால்? பெரியவருக்கு எதிராக எப்படி என்று இரண்டு பேர் மனம் மாறிப் போட்டிருந்தால்? அந்த மூன்று பேரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களும் நம்மைப் போல பஸ் ஏறி வந்த தொண்டர்களாகத்தான் இருந்திருப்பார்கள். காமராஜர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் மாதிரி நடந்துகொள்கிறோமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது கசக்கும். கேளுங்கள்.

1939 ஜனவரி. அகில இந்தியத் தலைவர் பதவிக்கு சுபாஷ் சந்திர போஸ் மறுபடியும் நிற்கிறார். காந்தியின் ஆதரவு பட்டாபி சீதாராமையாவுக்கு. காந்திக்கு எதிராக யார் ஜெயிக்க முடியும்? போஸ் 1,580. பட்டாபி 1,377. ஜெயித்தார்! முத்துராமலிங்கத் தேவர் இங்கே ஓட்டுச் சேர்த்தார். நாடே அதிர்ந்தது.

பிறகு நடந்தது என்ன? திரிபுரி மாநாடு. போஸ் காய்ச்சலில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். செயற்குழுவை காந்தியின் விருப்பப்படிதான் அமைக்க வேண்டும் என்று பந்த் தீர்மானம் வருகிறது. ஜெயித்தவரின் கையைக் கட்டும் தீர்மானம். போஸுக்குத் தோள் கொடுத்த காங்கிரஸ் சோஷலிஸ்டுகள் அன்று என்ன செய்தார்கள்? நடுநிலை. கை தூக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. ஏப்ரல் இறுதியில் கல்கத்தாவில் போஸ் ராஜினாமா செய்தார்.

எதிரி தோற்கடித்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். தோழர்கள் சும்மா இருந்ததால் தோற்றார். ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். உங்கள் ஆள் ஜெயித்த மறுநாள்தான் உங்கள் தேவை அதிகம்.

ஆகவே, தோழர்களே, இப்போதே தொடங்குங்கள். அறிவிப்பு வந்த பிறகு அல்ல, இப்போதே.

உங்கள் வட்டாரத்தின் பிரதிநிதி யார்? கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் மறுபடியும் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நான்கு பேராகப் போங்கள்.

தலைமையே முடிவு செய்யட்டும் என்று ஒரு வரித் தீர்மானம் கொண்டுவருவார்கள். 2022 செப்டம்பரில் மாநிலம் மாநிலமாகக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள். நீங்கள் எழுந்து நில்லுங்கள். எதிர்ப்பு என்று சொல்லுங்கள். ஒரே ஒரு சொல். அதைக் குறிப்பேட்டில் எழுத வையுங்கள். எழுதும் வரை உட்காராதீர்கள்.

மனுவை ஒரே ஒரு படிவத்தோடு நிறுத்தாதீர்கள். 2022-இல் ஜார்க்கண்டின் கே.என். திரிபாதி ஒரே ஒரு மனு போட்டார். முன்மொழிந்தவர் ஒருவரின் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று தள்ளுபடி செய்தார்கள். கதை அங்கேயே முடிந்தது. கார்கே தரப்பில் 14 மனுக்கள். தரூர் தரப்பில் ஐந்து. பத்துப் பேர் போதும் என்று பத்தோடு நிற்காதீர்கள். ஐம்பது பேரைச் சேருங்கள். ஐந்து படிவம் போடுங்கள்.

வாக்குப்பதிவன்று முகவராக உட்காருங்கள். பெட்டிகளின் முத்திரை பற்றி உத்தரப் பிரதேசத்திலிருந்து 2022-இல் தரூர் தரப்பு புகார் கொடுத்தது. தேர்தல் குழு அதை ஏற்கவில்லை. இந்த முறை புகாருக்கு இடமே வைக்காதீர்கள். முத்திரை வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பெட்டி கிளம்பும்போது கூடவே கிளம்புங்கள்.

யார் நிற்பார் என்று காத்திருக்கிறீர்களா? காத்திருக்காதீர்கள். பத்துப் பேர் முதலில் சேருங்கள், நிற்பவர் வருவார். பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் ஒருவர் நிற்கவே துணிவார். பெண்ணாக இருக்கட்டும். இளைஞராக இருக்கட்டும். எந்த அண்ணனின் ஆளாகவும் இல்லாத ஒருவராக இருக்கட்டும். தோற்கட்டும், பரவாயில்லை! 94 ஓட்டு 1,072 ஓட்டாக வளர்ந்தது. அடுத்து எத்தனை என்பது உங்கள் பேனாவில் இருக்கிறது.

இன்று இரவே பக்கத்து வட்டாரத் தோழருக்குப் போன் போடுங்கள். கையெழுத்துப் போடுவாயா என்று நேராகக் கேளுங்கள். யோசிக்கிறேன் என்றால் நாளைக்கு அவர் வீட்டுக்கே போங்கள்.